முப்பத்தைந்தாயிரம்

பகலெல்லாம் எனக்கு உப்பை எடுக்கிற வேலை.
காசிபாளையத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில்
பதினாறு பட்டறைச் சாயத்தண்ணியும்
ஒரே குழாயில் வந்து விழும்.
மீட்டரை முக்கினால் ஏழாயிரம், எட்டாயிரம்,
கறுப்பு ஓடுகிற வாரத்தில் ஒன்பது.
சவ்வில் பிழிந்து முந்நூறுக்கு இறக்கி
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான்
எனக்குச் சோறு.

ராத்திரி வீட்டுக்கு வந்து
தண்ணியில் உப்பைப் போடுகிறேன்.
இருபது லிட்டர் கேனுக்கு முக்கால் கிலோ.
பட்டறை உப்பு ஆகாது.
ஊரே உப்பில் ஊறிக் கிடக்க
சென்னையிலிருந்து கூரியரில் வருகிறது
என் கடல், பாக்கெட் பாக்கெட்டாய்.
"ஏனுங்க்கா, ஊறுகாய்க் கம்பெனிங்களா?"
என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிறான் பையன்.

மீட்டர் முப்பத்தைந்தாயிரத்தில் நிற்கும்வரை
கரண்டியால் கலக்குவேன்.
வேலையில் அந்த எண்ணைக் கண்டால்
சைரன் அடிக்கும்.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தொட்டி.
அதில் இரண்டு கடல்குதிரை.
பொங்கலுக்குத் தொண்டி போன
ஃப்ளாட்லாக் டெய்லர் அந்தோணிப்பிச்சை
வலையில் வந்ததை வீச மனசில்லாமல்
தூக்குவாளியில் கொண்டுவந்தது.
புலிக்குள்ள சட்டம்தான்
விரல்நீளத்து இதற்கும் என்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது.
தெரிந்தபிறகு துண்டு போட்டு மூடினேன்.
ஒறம்பரை வந்தால்,
"மீன் செத்துப்போச்சுங்க, சும்மா கெடக்குது."

இரைப்பை இல்லாத சாதி. தின்றது நிற்காது.
மத்தியான மணி அடித்ததும்
மொபெட்டில் பறந்துவந்து
கவிழ்த்த சோடா பாட்டிலில் பொரித்த இறால்தூசியை
ஊசிமருந்துக் குழலால் சொட்டுவிட்டு,
என் சாப்பாட்டைத் திறக்காமலே
திரும்பிய நாட்கள் உண்டு.
சித்திரையில் கரண்ட் போனால்
ஐஸ்கட்டிப் பாட்டிலை மாற்றி மாற்றி மிதக்கவிட்டு
விடிய விடிய உட்கார்ந்திருப்பேன்.

காலை ஆறே காலுக்கு
அவள் அவனைத் தேடி வருவாள்.
இருவரும் வெளுப்பார்கள்.
கொடிக்கயிற்றுத் துண்டில் வால்சுற்றி
ஒரே கம்பத்தில் இரண்டு கொடிபோல்
மெள்ள மெள்ளச் சுழல்வார்கள்.
ஒரு நாள் முட்டையெல்லாம் அவன் பைக்குள் போனது.

பதினெட்டாம் நாள், கருக்கல் நேரம்.
பேனாக்கத்திபோல் மடங்கினான். நிமிர்ந்தான்.
ஐந்து வந்தது.
மறுபடி மடங்கினான்,
இருபது, முப்பது,
ஓவர்லாக் மிஷினில் பறக்கிற நூல்பிசிறாட்டம்.
குஜராத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த
வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு
வீடியோவில் காட்டினேன்.
"ஆம்பளையா?" என்றார்.
கொஞ்சநேரம் பேச்சில்லை.
"வலிக்குமா அதுக்கு?"
எனக்குத் தெரியவில்லை.

நூற்று நாற்பத்து மூன்று.
காற்றை விழுங்கி மேலேயே மிதந்தவற்றை
மெல்லிய தூரிகையால் கீழே அழுத்தினேன்.
சில தங்கின. பல மறுபடி மேலே வந்தன.
மற்றவை பிடிக்க ஒன்றுமில்லாமல்
ஒன்றின் கழுத்தில் ஒன்று வால் போட்டு
கொத்தாய் மூழ்கின.
ரிஜெக்ட் ஆன ஜெர்சியின் வலைத்துணியைக்
கத்தரித்துத் தொங்கவிட்டேன்,
ஏதோ தேசத்துப் பந்தாட்டக்காரன்
வியர்த்திருக்க வேண்டிய மஞ்சள் துணி.
பிடித்துக்கொண்டன.

வேலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
நாலாம் நாள் ஐம்பத்தெட்டு.
ஒன்பதாம் நாள் இருபது.
இருபத்தி மூன்று: பதினொன்று.
அதற்குப்பிறகு பதினொன்று, பதினொன்று.

பெற்றவனுக்குத் தீட்டுமில்லை, பத்தியமுமில்லை.
அன்றைக்கே ஆறே காலுக்கு
அவள் வந்துவிட்டாள், அவனும் வெளுத்தான்.

இந்தப் பதினொன்றை விற்கக்கூடாது.
கொடுக்கக்கூடாது. சொல்லக்கூடாது.
"பொங்கலுக்குப் போறப்ப
கொண்டுபோய் விட்டுரலாம்க்கா"
என்கிறான் அந்தோணிப்பிச்சை.
பொங்கலுக்கு இன்னும் ஏழு மாதம்.

நேற்று முந்நூறு காட்டவேண்டிய தண்ணி
நானூற்றுப் பத்து காட்டியது.
சூப்பர்வைசர் பூவேந்திரன் மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.
சவ்வு கிழிந்துபோச்சா என்று பார்க்க ஆள் விட்டார்.
"எங்கிருந்தும்மா வருது இந்த உப்பு?"

விரலைச் சுடிதாரில் துடைத்துவிட்டு
இன்னொருதரம் முக்கினேன்.