வெட்டாத அறுபது நிமிடம்

எழுபத்தோராவது மின்னஞ்சலுக்குத்தான் பதில் வந்தது.
"டியர் தேவசகாயம்" என்று தொடங்கியிருந்தது.
அது அப்பா பெயர்.
படிவத்தில் கடைசிப் பெயர் கேட்டிருந்தார்கள்,
என்னிடம் இருந்தது ஓர் இனிஷியல்.
அதை விரித்து எழுதிவிட்டேன்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
"எனக்கா எழுதிருக்காங்க?" என்றார்.
ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டிங்,
இருபத்தாறு வருடம்.
அங்கே அவரை டோக்கன் எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

மூன்று நிமிடக் காணொளி போதும் என்றிருந்தார்கள்.
முன்வரிசைப் பெண்களுக்குச் சுலபம்.
கோல், கோல், கட்டிப்பிடித்தல், கோல்.
நான் கடைசி வரிசை.
நடக்காமல் போனதை எப்படிப் படம் பிடிப்பது?
பந்து வரப்போகும் வழியில்
இரண்டு எட்டு முன்னாலேயே போய் நின்றேன்,
அதனால் அவள் அந்தப் பக்கம் தள்ளவேயில்லை.
எபி உட்கார்ந்து வெட்டும்போது
"இதுல ஒண்ணுமே நடக்கலக்கா" என்று
அத்தனையையும் எடுத்துப் போட்டான்.
மிஞ்சியது ஐம்பத்திரண்டு வினாடி.
அதில் ஒன்பது வினாடி
பெனால்டி கார்னருக்கு முதல் ஆளாக ஓடி
முழங்காலில் நான் வாங்கியது.
அதை மட்டும் மெதுவாக ஓட்டி, நீட்டி,
பின்னால் ஏதோ மேளம் சேர்த்தான்.

எழும்பூர் மைதானத்தில் ஆட்டத்துக்கு முன்
டர்ஃப் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சுவார்கள்.
வியாசர்பாடியில் அம்மா
லாரிக்காக ஆறு குடம் வரிசை போட்டிருக்கும் நேரம் அது.
ஈரம் இருந்தால்தான் பந்து நேராக ஓடும்,
விழுந்தாலும் தோல் அவ்வளவு உரியாது.
எனக்குத் தெரியும்.
அம்மாவிடம் மட்டும் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொன்னதில்லை.

பதிலில் நாலே வரி.
காணொளி பார்த்தேன்.
வெட்டாத முழு ஆட்டம் ஒன்று அனுப்பு.
பந்து உன்னிடம் இல்லாதபோது
நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கவேண்டும்.
எல்லாம் சரியாக வந்தால்
உதவித்தொகை பாதிக்கு மேல் இராது.

மூன்றாவது வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.
நான்காவதை அப்பா படித்தார்.
மிச்சப் பாதியை
பால் அட்டையின் முதுகில் ரூபாயாக்கினார்,
பூஜ்யங்கள் ஓரத்துக்குப் போய்விட்டன.
அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.
வெகுநேரம் கழித்து, ஃபேனைப் பார்த்து,
"ஓவர்டைம் கேட்டுப் பாக்கலாம்."

முழு ஆட்டம் என்று இருப்பது ஒன்றே ஒன்று.
கோவில்பட்டிப் பெண்களோடு ஆடிய காலிறுதி.
எபியின் கை வலித்து
இருபத்திரண்டாம் நிமிடம் வானத்தைக் காட்டுகிறது.
யாரோ "சமோசா, சமோசா" என்கிறார்கள்.
எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று
நடுவர் விசிலை விழுங்கிக்கொண்டு போகிறது.
நான் பெரும்பாலும் நிற்கிறேன்.
கை நீட்டுகிறேன், "சுபர்ணா, இடது, இடது" என்று கத்துகிறேன்,
மறுபடி நிற்கிறேன்.
நாற்பத்தொன்றாம் நிமிடம்
தப்பான காலை முன்னால் வைக்கிறேன்.
பச்சைச் சட்டைக்காரி என்னைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.
ஒன்றுக்குப் பூஜ்யம்.
அப்படியே முடிந்தது.

"அந்த இடத்தை மட்டும் எடுத்துடவா?
யாருக்கும் தெரியாது."
வேண்டாம் என்று சொல்ல
எனக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.
வெட்டாதது என்றுதானே கேட்டிருக்கிறார்.

பகல் டேட்டா தீர்ந்திருந்தது.
பன்னிரண்டு மணிக்குப் புதிது வரும்வரை
ஸ்டிக்கின் பிடியில் பிரிந்த பட்டையைச்
சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
கையெழுத்து இடத்தில் ஹெப்சிபா என்று தெளிவாகப் போட்டேன்,
தேவசகாயத்தையும் விட்டுவைத்தேன்.
அங்கே மதியம் ஆகியிருக்கும்.

அறுபத்தெட்டு சதவீதத்தில் நின்றுவிட்டது.
போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.
ஆட்டத்தில் அது சரியாக
அந்த நிமிடம்.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது,
அவள் இன்னும் என்னைத் தாண்டவில்லை.
பிறகு அறுபத்தொன்பது.