மூன்றாவது சுற்று

கேபின் நூற்றிருபது அடி உயரம் என்று எழுதிக்கொண்டார்கள்.
நூற்று முப்பது சார், என்றேன்.
பத்து அடியில் என்ன வந்தது, என்றார் சின்ன அதிகாரி.
பெரியவர் பேனாவை நிறுத்தி
எண்ணை அடித்துத் திருத்தினார்.
அவர் எப்போதோ விமானம் ஓட்டியிருக்க வேண்டும்.

காட்டுப்பள்ளி, நான்காம் எண் கிரேன், காலை ஷிப்ட்.
கச்சான் அடித்தது.
அனல்மின் நிலையத்துப் புகை
கடலைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது.
கப்பலில் பெட்டி பூட்டிக்கொள்ளவில்லை, காத்திருந்தேன்.

கடல் எவ்வளவு கரையைத் தின்றது என்று
படம் எடுக்க வந்த விமானமாம்.
அன்று அது எனக்குத் தெரியாது.
மேலே இறக்கை, ஒற்றைக் காற்றாடி,
தையல் மிஷின் போலச் சத்தம்.

முதல் சுற்று என் தலைக்கு மேலே.
இரண்டாவது சுற்று கண்ணுக்கு நேர்.
மூன்றாவதில் நான் அதன் முதுகைப் பார்த்தேன்.

முதுகைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.
முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில்
இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள்
வயிற்றைத்தான் பார்த்திருக்கிறார்கள்.
அதனால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்:
வால் தகடு எப்படி இருந்தது?
மேல்நோக்கி மடிந்திருந்தது சார்.
கடைசி வரைக்கும்?
கடைசி வரைக்கும்.

பெரியவர் மேசையில் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்.
முதுகில் காற்று தள்ளும்போது
கீழே தண்ணீர் வேகமாக ஓடும்.
நாமே வேகமாகப் போகிறோம் என்று தோன்றும்.
இறக்கைக்குத் தண்ணீர் தெரியாது,
அதன் மேல் ஓடும் காற்றுதான் தெரியும்.
திருப்பம் இறுகும், காற்று பிடி விடும்,
ஒரு பக்கம் தொப்பென்று விழும்.
அப்போது மூக்கைக் கீழே விட வேண்டும்,
என்று கையை விரல் நுனிப்பக்கம் தாழ்த்தினார்.
தரை கண்ணெதிரே ஏறி வரும்போது
எவன் தரையைப் பார்த்துத் தள்ளுவான்?

எனக்கு அது புரிந்தது. சொல்லவில்லை.
கயிற்றில் பாரம் ஆடினால்
பின்னால் இழுக்கக் கூடாது.
ஆடுகிற பக்கமே ட்ராலியை விட வேண்டும்,
துரத்திப் போய்ப் பிடிப்பது போல.
முதல் மாதம் நான் இழுத்தேன்.
ஒரு லாரியின் முன்பக்கம் நசுங்கியது,
டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான், தப்பித்தான்.
தலைக்கு ஒரு நாளில் தெரிந்துவிட்டது.
கைக்குத் தெரிய ஆறு வாரம்.
என் பாரத்துக்குக் கயிறு இருந்தது.

ரெஜினால்ட் பாக்கியம், முப்பத்தொன்று, தண்டையார்பேட்டை.
பெயர் பேப்பரில் வந்தது.
படம் எடுத்த பெண்ணை
சாம்பல் சேற்றிலிருந்து இறால்காரப் பெண்கள்
கதவை உடைத்து இழுத்துப் போட்டார்கள்.
அவளுக்கு அந்தக் காலையே நினைவில்லையாம்.
அப்படியே இருக்கட்டும்.

ஏனென்றால், கேட்கப்படாத ஒரு கேள்வி உண்டு.
மூன்றாவது சுற்று எதற்கு?
கரையில் கேமரா ஏதாவது தவறவிட்டிருக்கலாம், என்றார் சின்னவர்.
எழுதியும் கொண்டார்.

நூற்று முப்பது அடியில் நேருக்கு நேர்
எனக்கு யார் வருவார்கள்? பருந்து வரும்.
அன்று ஒரு மனிதன் வந்தான்,
கண்ணாடி போட்டிருந்தான்,
என் பக்கம் திரும்பினான்.
மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினேன்.
கேபின் குலுங்கும்படி ஆட்டினேன்.
அவன் இறக்கைகளை
இப்படி ஒரு முறை, அப்படி ஒரு முறை
சாய்த்துக் காட்டிவிட்டு வளைந்தான்.

வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள்.
எல்லாம் சரி. உயரமும் சரி.
கையெழுத்துப் போட்டேன்.

ஷேர் ஆட்டோ எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறி
மறுபக்கம் இறங்கத் தொடங்கியபோது
என் வலது கை முட்டியின் மேல்
தானாக முன்னால் தள்ளியது.
மறுபடி தள்ளியது.
பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்
கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.