மூன்றாம் வளைவு

அமிர்தி தாண்டி மூன்றாம் வளைவில்
என்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை.
பின்னால் கொக்கியில் ஜெனரேட்டர்:
இரண்டரை டன் வெளிச்சம்,
இன்னும் பற்றவைக்காதது.

காலடியிலிருந்து
தீய்ந்த வெல்லப்பாகு நாற்றம்.
கிளீனர் பூவரசன் குதித்திறங்கி
பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தான்.
மேலே நம்மியம்பட்டில் ஒரு கல்யாணம்
எங்களுக்காக இருட்டிக்கொண்டிருந்தது.

தக்காளி இறக்கிவிட்டு வந்த டிராக்டர் ஒன்று
எங்களை இழுத்துக்கொண்டு போனபோது
செல்போன் வெளிச்சத்தில் தாலி ஏறியிருந்தது.
பெண்ணின் அப்பா சுருக்கமாகச் சொன்னார்:
"பாதி ராத்திரி இருட்டு. பாதிக் காசு."
நான் வாயைத் திறக்கவில்லை.
கணக்கு சரிதான்.

கொணவட்டத்தில் இம்தியாஸ் பட்டறை.
கியர்பாக்ஸை இறக்கி ஆயில் தட்டைக் கழற்றினால்
சிவப்பாக இருக்கவேண்டியது
டிகாஷன் நிறத்தில் கிடந்தது.
அடியில் இருக்கும் காந்தத்துக்கு
இரும்புத்தூளில் மீசை முளைத்திருந்தது.
விரலால் தொட்டு முகர்ந்துவிட்டு
"சோறு அடிபிடிச்சிகீது, நயினாரே" என்றார்.

அன்று பட்டறைக்கு வந்த எல்லோரிடமும்
ஒரு தீர்ப்பு இருந்தது.
ஆம்பூருக்குத் தோல் லோடு அடிப்பவர்,
பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர்,
டீ கொண்டுவந்த பையன் உட்பட:
"ஆட்டோமேட்டிக் பாரம் இழுக்காதுங்க.
தூக்கிப் போட்டுட்டு மேனுவல் வச்சிடுங்க."

இம்தியாஸ் மட்டும்
என் இடது காலை ஒருமுறை பார்த்தார்.
முட்டிக்குக் கீழே இரும்புப் பட்டை, தோல்வார்.
நாலு வயதுக் காய்ச்சலில்
எந்தக் கிளட்சும் தனக்கில்லை என்று
படுத்துவிட்ட கால்.
பிறகு வேஸ்ட் துணியில் கையைத் துடைத்து
புதுப்பேட்டைக்குப் போன் போட்டார்.

பழைய டார்க் கன்வர்ட்டரை அறுத்துக் காட்டினார்.
எதிரெதிரே இரண்டு விசிறி.
ஒன்றை ஒன்று தொடுவதில்லை.
"இது சுத்தி ஆயிலைத் தள்ளுது,
அந்த ஆயிலை நம்பி அது சுத்துது.
பாரம் ஜாஸ்தியானா நம்பிக்கை சூடாவுது. அவ்ளோதான்."
கவிதை சொல்லவில்லை அவர்.
பீடிக்கட்டு லேபிளின் பின்பக்கத்தில்
பில் எழுதிக்கொண்டிருந்தார்:
ஆறு கிளட்ச் தகடு இருந்த இடத்தில் எட்டு,
ஆழமான தட்டு,
அழுத்தம் கூட்ட ஒரு ஸ்பிரிங் (சுண்டுவிரல் நீளம், நாலாயிரம்),
ரேடியேட்டருக்கு முன்னால் தனிக் கூலர்,
சூடு காட்ட ஒரு மீட்டர்.
ஒரு லட்சத்து நாற்பத்து மூன்று.

இரண்டாம் ஜெனரேட்டருக்குக் கட்டிய சீட்டு
அன்றோடு தீர்ந்தது.
ஜினமதி திட்டவில்லை.
சீட்டுப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினாள்,
பக்கம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

ஆனி மாதம். அதே மலை,
கோவில் திருவிழாவுக்கு அதே ஜெனரேட்டர்.
கணியம்பாடியில் முள் எழுபத்தெட்டு.
அமிர்தி செக்போஸ்டில் எண்பத்து நாலு.
முதல் வளைவு, தொண்ணூற்றொன்று.
லீவரை இரண்டில் இறுக்கினேன்.
மூன்றாம் வளைவில் அந்தக் கல்
போனமுறை வைத்த இடத்திலேயே கிடந்தது.
தொண்ணூற்றேழு.
நின்றது.
வண்டியல்ல, முள்.

எதற்கும் இருக்கட்டும் என்று
பூவரசன் ஊரிலிருந்தே வேறொரு கல் எடுத்து வந்திருந்தான்.
நம்மியம்பட்டு எல்லைப் பலகை தாண்டும்வரை
அதை மடியை விட்டு இறக்கவில்லை.

சாவியைத் திருப்பியதும்
கோவில், பந்தல், புளியமரத்தின் அடிவயிறு
எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தன.
அந்தப் பெண்ணின் அப்பாவும் வந்தார்.
மீதிப் பாதியை நான் கேட்கவில்லை,
அவரும் எடுக்கவில்லை.
திரும்பும்போது
இரண்டு ஆள் தூக்கும் பலாப்பழம் ஒன்றை
டிரெய்லரில் உருட்டிவிட்டுக் கேட்டார்:
"தாங்குமா?"