காதுக்குக் கீழே

சலவை முறை எனக்குச் செவ்வாய்.
பதினொரு வீட்டுக்கு இரண்டு இயந்திரம்.
நிலக்கீழ் அறைத் திறப்பு கைமாறும் நாளைத் தவறவிட்டால்
இன்னும் இரண்டு கிழமை அழுக்கோடுதான்.
துணியைப் போட்டுவிட்டு மேலே வந்து
தலைக்கும் அன்றைக்கே நாள் குறித்தேன்.

கண்ணாடி முன் நாலு வகிடு.
காதுக்கு மேலே கை வைப்பதில்லை.
காதுக்குக் கீழே
பால் விட விடப் பிளேன்டீ வெளுப்பதுபோல்
மெல்ல மெல்ல இறங்கி
நுனியில் தேனாக வேண்டும்.
எந்த இடத்தில் மாறியதென்று
எவரும் விரல் வைத்துச் சொல்லக்கூடாது.
பெட்டிமேல் சிரிப்பவளுக்கு அப்படித்தான் இருக்கிறது.

கற்றையைப் பிடித்துத் தலைப்பக்கமாய்ச் சீவிச் சிக்காக்கி
மிஞ்சித் தொங்குவதில் மட்டும் பூச்சு.
பழைய பல் பிரஷ் போதும்.
அழுத்தினால் கோடு விழும்.
அலுமினியத் தாளில் பதினாறு பொதி;
போன ஞாயிறு இதே சுருளில்தான்
மீன் ரோல்ஸ் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

முப்பத்தைந்து நிமிடம் என்கிறது தாள்,
ஜெர்மனில் ஒருதரம், பிரெஞ்சில் ஒருதரம்.
பீல் நகரத்தில் எல்லாம் இரண்டுதரம்:
தெருப்பெயர், பஸ் அறிவிப்பு, அபராதக் கடிதம்.
பதின்மூன்று வருடம் நடந்தும்
எந்தத் தெருமுனையில் ஒன்று முடிந்து
மற்றது தொடங்குகிறதென்று எனக்குப் பிடிபடவில்லை.
பேக்கரியில் முதலில் வாய் திறப்பவர் பாஷை
பாண் வாங்கி முடியுமட்டும்.

மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிழைப்பும் அதுதான்.
ஒரு நாளைக்கு நானூறு முகப்பில்
நிமிட முள் ஏற்றுகிறவள்,
மயிரிழை பிசகாமல்.

இருபத்தெட்டில் அழைப்புமணி.
எக்லி அம்மா.
உங்கள் துணி முடிந்து பத்து நிமிடம் என்றார்.
பதினாறு வெள்ளிப் பொதியையும்
ஒவ்வொன்றாய் எண்ணினார், கண்ணால்;
ஒன்றும் கேட்கவில்லை.
துவாயைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.
ரப்பர் வளையம் துடைக்க வேண்டும்,
சவர்க்காரத் தட்டுத் துடைக்க வேண்டும்,
தரை துடைக்க வேண்டும்,
கொப்பியில் கையெழுத்துப் போட வேண்டும்.
மேலே ஏறியபோது
நாற்பத்தேழு.

கழுவினால் தேன் இல்லை.
செவ்விளநீர்க் கோம்பை.
இடப்பக்கம் பதமாய் இறங்கியிருந்தது,
வலப்பக்கம் படிக்கட்டு.
"வடிவாத்தான் கிடக்கு" என்ற வதனி
கமராவை மட்டும் அணைத்துவிட்டாள்,
சிரிப்புக்கு ஒலி இருப்பதை மறந்து.
ஊதா ஷாம்பு வாங்கடி என்றாள் பிறகு.

வாங்கவில்லை.
காய்ந்த தலையோடு ஜன்னல் பக்கம் திரும்பினேன்,
வெளிச்சம் பட்டது,
எனக்குப் பிடித்துப் போயிற்று.

வேலையிடத்தில் தூசி புகா அறை.
வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி,
முடி முழுக்க உள்ளே.
அறுபது பேருக்கும் ஒரே தலை.
மூன்று கிழமை எவருக்கும் தெரியாது.

நேற்றுப் பரிசோதனையிலிருந்து
ஒரு கடிகாரம் திரும்பி வந்தது.
கண்ணாடிக்குள் ஒரு முடி,
விளிம்போடு ஒட்டி மூன்று சுற்று.
மேற்பார்வையாளர் ஷாத்தலேன்
உருப்பெருக்கியை என் பக்கம் நகர்த்தினார்.

பன்னிரண்டில் கறுப்பு.
இரண்டாம் சுற்றில் எங்கேயோ கபிலம்,
அதற்கும் பிறகு எங்கேயோ வெயில்.
தேடித் தேடிப் பார்த்தேன்,
கோடே இல்லை.
பதினாறு பொதியிலும்
பெட்டிக்காரி மாதிரி வந்தது
இந்த ஒன்றுதான் போல.

யாருடையது என்று அவர் கேட்கவில்லை.
இடுக்கியால் எடுத்துப் பிழைத்தாளில்
டேப் போட்டு ஒட்டினார்.
தேதி. வரிசை எண்.
பிழை வகை: முடி.
நிறம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
சின்னக் கட்டம்,
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.

என்னைப் பார்த்தார்.
நான் தொப்பியை
இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.