இருபத்தைந்து ரூபாய்ப் புத்தகம்

லாங் பஜார் பழைய புத்தகக் கடையில்
எடை போடாமல் கண்ணாலேயே மதித்து
இருபத்தைந்து ரூபாய் என்றார்.
கோடிட்ட இடங்களை நிரப்புக,
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
விடைகள் இருந்த கடைசித் தாள்களை மட்டும்
யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

எனக்கு முன்னால் இதில் எழுதியவள் ஹெப்சிபா.
அட்டையில் பெயர், பத்தாம் வகுப்பு, 'இ' பிரிவு.
எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் விற்றிருக்கிறாள்.
ஆனாலும் அழுத்தி எழுதுகிற கை.
பஸ் திரும்பி வெயில் பக்கவாட்டில் விழும்போது
கோட்டின்மேல்
அவள் சொல் பள்ளமாய்த் தெரிகிறது.

தி ரிவர் ______ அண்டர் தி பிரிட்ஜ்.
ஃப்ளோஸ் வரவேண்டும், அது எனக்கே தெரியும்.
அவள் சாண்ட் என்று எழுதியிருந்தாள்.
சிவப்பு மையில் பெருக்கல் குறி. மை அழியவில்லை.
காட்பாடியில் ஏறிய என் பஸ் அந்நேரம்
பாலாற்றுப் பாலத்தின்மேல்தான் போய்க்கொண்டிருந்தது.
எட்டிப் பார்த்தேன்.
ஹெப்சிபாவுக்கு அரை மார்க்காவது போட்டிருக்கலாம்.

எவ்ரி சண்டே மை ஃபாதர் ______ அஸ் டு தி பார்க்.
அவள் எழுதியது, ஃபர்கெட்ஸ்.
இதற்கு டீச்சர் பெருக்கலும் போடவில்லை, சரியும் போடவில்லை.
ஒரு புள்ளி வைத்து
நின்றுவிட்டிருக்கிறது பேனா.

எனக்கு வேலை
ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசை மருந்துக்கடையில்.
பின்கட்டில் அட்டைப்பெட்டி பிரிக்கிறவள்.
"பிஃபோர் எது, ஆஃப்டர் எதுன்னு தடுமாறாம சொல்லு வனரோஜா,
கவுண்டர்ல நிக்க வைக்கிறேன்" என்கிறார் ஷஃபிவுல்லா பாய்.
சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்.
தமிழில் சாப்பாடு முதலில் வந்துவிடுகிறது,
முன்னும் பின்னும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு.
இங்கிலீஷ்காரன் கடைசியில்தான் பரிமாறுகிறான்.

வியாழக்கிழமை கவுண்டருக்கு ஆள் வரவில்லை.
என்னை நிறுத்தினார்கள்.
மிசோரம்காரர் ஒருவர், கையில் லாட்ஜ் சாவி.
சீட்டில் இருந்ததை எடுத்து வைத்தேன்.
நைட், ஆஃப்டர் ஃபுட் என்றேன்.
சரியாகத்தான் சொன்னேன்.
அவர் மாத்திரையையே பார்த்தார்.
மை வைஃப், என்றார்.
ஷி இஸ், என்றார்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் பயிற்சியின் கட்டத்துக்குள் இருந்த சொற்கள்
எனக்குள் வந்து வரிசையில் நின்றன.
டயர்ட், ஹேப்பி, லேட், அஃப்ரெய்ட், பெட்டர்.
இலக்கணப்படி எல்லாமே பொருந்தும்.
பின்னால் நின்றவர் இருமினார்.
மீதிச் சில்லறையை எண்ணி
அவர் உள்ளங்கையில் வைத்தேன்,
கொஞ்சம் மெதுவாக.

ராத்திரி அந்தப் பக்கத்தை எடுத்து
டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பார்த்தேன்.
ஷி இஸ் ______.
ஹெப்சிபாவின் சொல் எதுவும் தெரியவில்லை.
பள்ளமில்லை, சிவப்பு மையில்லை.
அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்திருந்தது,
பல தடவை எழுதி அழித்ததுபோல.
அதன் வழியே
அடுத்த பக்கத்தின் ஏழாம் கேள்வி
தலைகீழாய் இல்லை, இடவலமாய்த் தெரிந்தது.