ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

பள்ளிப்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரில்
என் ஜெராக்ஸ் கடை.
மனுவும் எழுதித் தருவேன்.
தெலுங்கில் அழுதால் தமிழில் எழுதுவேன்.

முதலில் வந்தது நெடியம் முனிலட்சுமி.
ஈன்ற மூன்றாம் நாள் ஊசி போட்ட பசு
விடியுமுன் காலை நீட்டிவிட்டது.
கன்று இன்னும் புட்டிப்பாலில்.
கவுன்சில் படிவத்தில்
'பாதிக்கப்பட்டவர் பெயர்' என்று ஒரு கட்டம்.
கெங்கா என்றாள். எழுதினேன்.
வயது: ஏழு.
'புகார்தாரருக்கு என்ன உறவு?'
அந்தக் கட்டத்துக்குத்தான்
கொஞ்ச நேரம் ஆனது.

டாக்டர் பெயர் ஹரிநாத் என்றாள்.
நாற்பத்தோராம் நாள் ஒரு எண் வந்தது.
எண்ணுக்குப் பின்னால் கடிதம்:
அப்பெயரில் எங்கள் பதிவேட்டில் எவருமில்லை,
ஆந்திரத்தை அணுகவும்,
புகார் முடித்து வைக்கப்படுகிறது.

நகரி பஸ்ஸில் ஏறினால்
தூங்கி விழுவதற்குள் ஆந்திரம்.
எங்கள் கடிதம் போய்ச்சேர ஐந்து மாதம்.

அடுத்தது சொரக்காய்பேட்டை ஜெயராமுலு, எருமை.
அவர் காதில் விழுந்தது அரிநாதன்.
பிறகு தேசம்மா, ஆறு ஆடுகள்.
மருந்துச் சீட்டில் டி. ஹரிநாத ரெட்டி
என்று இருந்ததாம்.
சீட்டைக் காட்டு என்றேன்.
பிழைத்த ஆடு தின்றிருந்தது.

மூன்று பெயர், மூன்று எண்.
ஆற்றுக்கு இந்தப் பக்கமிருந்தும்
அந்தப் பக்கமிருந்தும் ஒரே வரி:
இப்பெயரில் இதற்குமுன் புகார் ஏதுமில்லை.
பொய் என்று சொல்ல மாட்டேன்.
எருமைக்கு முன்னால் பசு செத்தது
பதிவேட்டுக்கு எப்படித் தெரியும்?
எனக்குத் தெரியும்.
மூன்றையும் ஒரே கிளிப்பில் மாட்டி
டோனர் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் அவரே வந்தார்.
பைக்கை அணைக்கவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
உரிமம் புதுப்பிக்கணும், சீக்கிரம்,
ரெண்டு காப்பி.
ஊதா முத்திரை குத்திய நன்னடத்தைச் சான்று.
'நிலுவையில் புகார் எதுவும் இல்லை.'

தேசம்மாவின் ரேகை கிடந்த
அதே கண்ணாடியில்
குப்புறப் படுக்க வைத்தேன்.
பச்சை வெளிச்சம் ஊர்ந்து போனது
பெயரின் மேல், எழுத்துப் பிசகாமல்,
தகப்பன் பெயர், ஆண்டு, பதிவு எண்.

எந்திரம் பழசு.
இரண்டு கேட்டால் சில நாள்
மூன்று தள்ளும்.
நான்கு ரூபாய்தான் வாங்கினேன்.