கணக்கில் வராத எலும்பு

கர்காடி என்பார்கள்.
எழுதும்போது நடுவில் ஓர் 'எல்' நிற்கும்.
யாரும் அதை வாயில் எடுப்பதில்லை,
அழிப்பதும் இல்லை.
கடற்காற்று பெயர்ப்பலகையைத் தின்கையில்
மற்ற எழுத்துகளோடு அதுவும் துருவேறுகிறது.

நான் மொழிபெயர்ப்பாளர். மணிக்கணக்கில் கூலி.
முதல் விதி: அவர் 'நான்' என்றால் நானும் 'நான்'.
ஆகவே செவ்வாய்க்கிழமை
ஷெரிப் என்று இங்கே அழைக்கப்படும் நீதிபதியின் முன்
"என் கடை போய்விட்டது" என்றேன்,
ஆங்கிலத்தில், குரல் தழுதழுக்காமல்.
பக்கத்தில் சவரிமுத்து நேசராசா
கம்பளித் தொப்பியை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

அப்போது வந்து விழுந்தது அந்தச் சொல்: சீக்வெஸ்ட்ரேஷன்.
ஸ்கொட்லாந்தில் வங்குரோத்துக்கு அதுதான் சட்டப்பெயர்.
ஜப்தி என்றால் கதவு உடைபடும்.
பறிமுதல் என்றால் அவர் திருடராவார்.
ஒதுக்கிவைத்தல் என்றால் ஊரே முகம் திருப்பும்.
மூன்று விநாடிக்குமேல் யோசிக்க
எனக்கு அனுமதி இல்லை.
"உங்கட உடைமை எல்லாம் இனி வேறொருத்தரின்ர பொறுப்பில."
"ஆற்ற?"
டிரஸ்டியின் பெயரைச் சொன்னேன்.
"நல்ல மனிசனோ?"
அதையும் பெயர்த்தாக வேண்டும். பெயர்த்தேன்.
ஷெரிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடையில் பட்டியல் எடுக்க வந்தவள் இஷ்பெல்.
கொண்டைக்கடலை டின், இருநூற்றுப் பன்னிரண்டு.
நேசராசா ஒன்றைத் திருப்பி
லேபிளின் பொடி எழுத்தில் நகத்தை வைத்தார்.
"பிள்ளை, இதிலயும் அந்தச் சொல்தானே கிடக்கு?"

கிடந்தது. வால் மட்டும் வேறு.
இரும்போ செம்போ துளி கலந்தால்
நண்டுபோல் கொடுக்கால் கவ்விக்கொள்ளும் ஓர் உப்பு.
உலோகம் டின்னுக்குள்ளேயேதான் இருக்கும்,
எதையும் கறுக்கவைக்க மட்டும் முடியாது.
இதை விளக்குவது என் வேலையே அல்ல.
ஒருகாலத்தில் இரசாயனம் படித்தவள்,
வாய் சும்மா இருக்கவில்லை.
"அப்ப கடலைக்கு நல்லது."
"கடலைக்கு நல்லதுதான்."
"இரும்புக்கு?"
என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டாள் இஷ்பெல்.
"கடலை" என்றேன்.
பதினொரு வருடத்தில் முதல்முறை
ஒருவர் பேச்சை நான் விழுங்கினேன்.

இரண்டு மாரிக்கு முன் ஏணியில் ஏறி
கடைக்கூரையின் பீலியில் அடைத்த சருகை வாரும்போது
விழுந்தார். கணைக்கால் எலும்பு தோலைக் கிழித்து
வெளியே எட்டிப் பார்த்தது.
பொருத்தினார்கள். பொருந்தியது.
ஆனால் முன்காலில் ஒரு துளை மூடவே இல்லை.
சீழ் வடிந்தது. வாடிக்கையாளர் வடிந்தனர்.
வாடகை, மின்கட்டணம், மொத்தக்கடைக்காரரின் பொறுமை,
எல்லாம் அந்தத் துளை வழியாகத்தான்.

விக்டோரியா மருத்துவமனை. டாக்டர் அபெர்னெதி
எக்ஸ்ரேயில் பேனாவால் வட்டம் போட்டார்.
சுற்றிலும் புது எலும்பு உறைபோல வளர்ந்திருக்கிறது.
உள்ளே, இரத்தம் எட்டாத ஒரு துண்டு.
செத்துவிட்டது, வெளியேறவில்லை.
அதற்கு ஒரு பெயர் சொன்னார்.
நான் வாயைத் திறக்குமுன் நேசராசா கையை உயர்த்தினார்.
"வேண்டாம் பிள்ளை. இது எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்."

வெட்டி எடுத்ததைக் குப்பியில் காட்டினார்கள்.
தேங்காய்ச் சொட்டின் அளவு, ஓரம் அரித்து,
கணவாய் ஓடுபோல் இலேசாய்.
"இதுவும் பட்டியலில சேருமோ? கேளுங்கோ."
"என் எலும்பும் சேருமா?" என்று கேட்டேன்.
டாக்டர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.
இஷ்பெலுக்குத் தொலைபேசினோம்.
வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை,
பின்னால் ஒரு கேத்தல் கொதித்தது.
"அதற்குச் சட்டத்தில் இடம் இல்லையென்றே நினைக்கிறேன்."

"அப்ப என்ர" என்றார்.
"அப்படியென்றால் என்னுடையது" என்றேன் நானும்,
யாரும் கேட்காமலே, ஆங்கிலத்தில்.

மாலை நேரத்தாளை நிரப்பினேன்.
கடலையில் போன பதினைந்து நிமிடத்தை
கழித்தே எழுதினேன்.